ஒகேனக்கல் பரிசலில் பாறைப் பொந்துகளைக் கலைக்காமல் போய்வருவது எப்படி?

ஊட்டமலையில் பரிசல் ஓட்டிப் பிழைப்பவன் நான். ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரு பக்கமும் எழுந்து நிற்கும் பாறைச் சுவரை அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. தண்ணீரை ஒட்டிய அதன் பொந்துகளில் வௌவாலும் தகைவிலான் குருவியும் நீர்நாயும் குடியிருக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்யாமல் சவாரி போவது கடினமல்ல.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்தால் எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும். பரிசலுக்குத் தடை வந்துவிடும். செய்தியைப் பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள். ஆடிப்பெருக்கு, பொங்கல் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திருவிழாக் கூட்டம். வார நாளில் காலையிலேயே வந்துவிடுங்கள். டிக்கெட் எடுத்ததும் பாதுகாப்பு உடையை இறுகக் கட்டுங்கள். அதில் பேரம் கிடையாது.

கடற்குகைகளுக்குள் மோட்டார் படகில் போகிற ஊர்களில் புகையும் எண்ணெய்ப் படலமும் பெரிய தலைவலி. மூங்கில் பிளாச்சில் பின்னிய நம் பரிசலுக்கு அந்தப் பாவம் இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே! பள்ளத்தாக்கு குறுகலானது, ஒருவர் கத்தினால் பாறைக்குப் பாறை மோதி நாலு மடங்காகத் திரும்பி வரும். எதிரொலி கேட்பதற்கென்றே கூச்சல் போடுகிறார்கள். பகலில் பயந்து வெளியே வரும் வௌவாலைப் பருந்து தூக்கிப் போய்விடும். குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தகைவிலான் கூட்டுக்குள் நுழையாமல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, பரிசலைச் சுற்றுவது. பாறையோரம் பம்பரமாகச் சுற்றச் சொல்லிக் கேட்பார்கள், நாங்களும் சுற்றுவோம். அதற்குத் தனியாகக் காசு கிடைக்கிறது, எங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. துடுப்படியில் தெறிக்கும் தண்ணீர் பொந்துக்குள் போகிறது. பரிசல் உரசுகிற இடத்தில் தகைவிலானின் மண்கூடு பெயர்ந்து விழுகிறது. ஆகவே ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, சுற்ற வேண்டாம். நடு ஆற்றிலேயே மெதுவாகப் போங்கள். அந்தக் காசை இதற்கே தருகிறோம்.” மறுக்கிற ஓட்டியை நான் பார்த்ததில்லை. தோளுக்கும் வேலை குறைவு.

மெதுவாகப் போனால்தான் கண்ணுக்கு ஏதாவது கிடைக்கும். தண்ணீருக்கு மேலே துருத்தும் பாறையில் மீன் செதில் கலந்த எச்சம் கிடந்தால் அது நீர்நாய் வந்துபோன இடம். பொந்து வாயில் டார்ச் அடிக்காதீர்கள், கைப்பேசியின் பிளாஷும் வேண்டாம். கோடையில் நீர் இறங்கும்போது மழைக்காலத்தில் மூழ்கியிருந்த பொந்துகளும் திறந்துகொள்ளும். அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மலைத்தேனீ அடை தொங்குவது தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கடந்துவிடுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருகிறவரை நான் முன்பக்கம் உட்கார வைப்பதே இல்லை.

மணல்திட்டில் இறங்குவதானால் மாதத்தைப் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சதுப்பு முதலை மணலைத் தோண்டி முட்டையிடும் காலம். புதிதாகக் கிளறிய மணல் தெரிந்தால் அதை மிதிக்காமல், குழந்தைகளையும் விடாமல் திரும்புங்கள். தாய் முதலை பக்கத்திலேயே இருக்கும். தின்ற மீனின் மிச்சத்தை அங்கே போட்டால் நாய் வரும். வந்த நாய் முட்டையையும் தோண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தை 2022-இல் அறிவித்தது இந்த உயிர்களையும் எண்ணித்தான்.

ஆற்றிலேயே பரிசலில் கடை வரும். நொறுக்குத்தீனி வாங்குங்கள், அவர்களும் பிழைக்க வேண்டும். காலிப் பாக்கெட்டை மட்டும் உங்கள் பையில் போடுங்கள். பரிசலுக்குள் போட்டால் காற்று எடுத்துப்போய்ப் பொந்தில் செருகிவிடும், அதை எடுக்கக் கை எட்டாது.

எண்ணெய் மசாஜ் செய்துகொள்வதானால் சவாரி முடித்த பிறகு செய்துகொள்ளுங்கள். எண்ணெய் உடம்போடு ஏறினால் பரிசலில் வழுக்கும். குளிக்கும்போது ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்த கையோடு ஆற்றில் விடாதீர்கள். பிறகு கரையில் மீன் வறுக்கிற அக்காவிடம் விலையைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.