புளிப்பு மிட்டாய் தின்றதும் பிரஷ்ஷை எடுக்க வேண்டாம்
பிள்ளை கடும் புளிப்பு மிட்டாயைத் தின்று முடித்ததும் பல் துலக்கச் சொல்லாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இரண்டு மூன்று முறை வாய் கொப்பளிக்க வையுங்கள். துலக்குவது ஒரு மணி நேரம் கழித்து.

மிட்டாயின் மேல் மாவு போல ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம். கண்ணை இறுக மூடி, தோளைக் குலுக்கி, மறுபடியும் கை நீட்ட வைப்பது அதுதான். வாயின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் இளகத் தொடங்கும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் எனாமல் தேயும். எச்சில் அமிலத்தைத் தணித்து எனாமலைத் திரும்ப இறுகச் செய்ய நேரம் வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் பல்லைக் காக்கும் ஃபுளோரைடும் இருக்கிறது, அதனால் தனி மவுத்வாஷ் வாங்கத் தேவையில்லை.

மாமா கடையில் வாங்கிய பாக்கெட்டை மாலை முழுக்க ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டே இருந்தால் கொப்பளித்தும் பயனில்லை, ஒரே மூச்சில் தின்று முடிப்பதே மேல். நாக்குத் தோல் உரிந்திருந்தாலோ வாயில் புண் இருந்தாலோ மிட்டாயையே நிறுத்திவிடுங்கள். அப்புறம், கொப்பளித்துத் துப்பத் தெரியாத குழந்தைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாலே போதும்.