சர்வர் கடிகாரம் முந்தி ஓடினால் சப்வெர்ஷனில் என்ன செய்வது?

சப்வெர்ஷன் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைக்கும் மென்பொருள். காலை 10:45-க்கு நான் செய்த கமிட் (மாற்றத்தைச் சேமிப்பது), பதிவில் 11:05 என்று நின்றது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் யாரோ சர்வர் கடிகாரத்தைச் சட்டென்று 20 நிமிடம் பின்னால் இழுத்துச் சரிசெய்தார்கள். ரிவிஷன் (ஒவ்வொரு கமிட்டுக்கும் வரிசையாக விழும் எண்) 412-க்கு 11:40, 413-க்கு 11:22. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சப்வெர்ஷனில் கமிட் நேரத்தைப் போடுவது சர்வர். தேதி கொடுத்து ரிவிஷன் கேட்டால், நேரங்கள் ஏறுவரிசையில் இருக்கும் என்று நம்பி, பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும். வரிசை குலைந்திருந்தால் தவறான ரிவிஷனை எடுத்து நீட்டும். பிழைச் செய்திகூட வராது.

1. சர்வரிலும் உங்கள் கணினியிலும் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) பாருங்கள். உள்ளூர் நேரத்தில் பார்த்தால் நேர மண்டல வித்தியாசத்தைக் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள்.

2. கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒத்துவைக்கும் குரோனி நிரலை நிறுவுங்கள். நேரத்தைச் சரிசெய்யும் என்டிபிடேட் கட்டளையை, குறித்த நேரங்களில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் கடிகாரம் குதிக்கலாம். கடிகாரம் பிந்தி இருந்தால் முன்னால் தள்ளுவதில் வரிசைக்கு ஆபத்து இல்லை. முந்தி இருந்தால், பின்னால் திருப்பிவிட்டு, கடைசி கமிட்டின் நேரத்தை உண்மை நேரம் தாண்டும்வரை யாரையும் கமிட் செய்யவிடாதீர்கள். எங்களுக்கு 20 நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

3. ஏற்கெனவே குலைந்துவிட்டதா? அந்த ரிவிஷனின் தேதிப் பண்பை (அதோடு சேமித்திருக்கும் தேதி விவரம்) மாற்ற வேண்டும். நான் அரை நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். ரிவிஷன் பண்பை மாற்ற ரெப்போவில் (எல்லா ரிவிஷன்களும் இருக்கும் களஞ்சியம்) அனுமதி இல்லை என்றது. சரி, ஹூக்ஸ் (சில செயல்களின்போது சப்வெர்ஷன் தானே ஓட்டும் சிறு நிரல்கள்) அடைவில் பண்பு மாற்றத்துக்கென்று இருக்கும் மாதிரிக் கோப்பின் பெயரிலிருந்து டிஎம்பிஎல் வாலை வெட்டி, இயக்க அனுமதி கொடுத்தேன். அப்போதும் மறுத்தது! மாதிரிக் கோப்பைத் திறந்து படித்த பிறகே புரிந்தது: அது கமிட் செய்தியைத் திருத்த மட்டுமே விடும். தேதிப் பண்பையும் அந்த நிபந்தனையில் சேர்த்ததும் வேலை நடந்தது. நேரத்தை யூடிசியில், கடைசியில் இசட் (Z) எழுத்தைப் போட்டு எழுதுங்கள். இந்த மாற்றத்துக்கு வரலாறு கிடையாது. பழைய மதிப்பை முதலில் எங்காவது குறித்துவையுங்கள். முடிந்ததும் ஹூக்கைப் பழையபடி பூட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: 412-ஐ மட்டும் திருத்தியும் சரியாகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், நானும் அதில் விழுந்தேன். 412-ஐ 11:20 ஆக்கினால், 411 இன்னும் 11:25-ல் நிற்கும். அதைக் குறைத்தால் 410 இடிக்கும். இரண்டு கமிட்டுகளுக்கு நடுவே 20 நிமிடத்துக்கு மேல் இடைவெளி வரும் இடம்வரை பின்னோக்கிப் போய், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் கழியுங்கள். எனக்கு அப்படி ஒன்பது ரிவிஷன்கள் தேறின.

இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான கிட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலி வேறு உருவில் வரும். அங்கே நேரம் அவரவர் கணினியிலிருந்து போவதால், சர்வரைக் குறை சொல்ல முடியாது.