ஐரோப்பிய டெலிகாம் சந்தை ஆய்வு அறிக்கையைப் படிப்பது எப்படி?

எந்தச் சந்தையில் போட்டி போதவில்லை, அங்கே யார் ஆதிக்கம் உள்ளவர், அவருக்கு என்ன கட்டளை போடுவது என்று ஒரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு முடிவு செய்யும் அறிக்கை இது. முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். எந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு எழுதினாலும் இந்த அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும், அதில் பாதி சட்டத்தின் பழைய கதை. நேராகச் சந்தையை வரையறுக்கும் பகுதிக்குப் போங்கள்.

அங்கே பேச்சு வாடிக்கையாளர் வாங்கும் சில்லறைச் சேவையைப் பற்றியா, நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மொத்தச் சேவையைப் பற்றியா என்று பாருங்கள். முன்கூட்டியே கட்டுப்பாடு தேவைப்படக்கூடிய சந்தைகள் என்று ஐரோப்பிய ஆணையம் 2003-ல் 18-ஐப் பட்டியலிட்டது. 2007-ல் அது 7, 2020-ல் வெறும் 2. இரண்டுமே மொத்தச் சந்தைகள்: வீட்டு வாசல் வரை வரும் கடைசித் துண்டு லைன் ஒன்று, நிறுவனங்களுக்கான தனி லைன் இன்னொன்று. பட்டியலில் இல்லாத சந்தையில் ஒரு நாடு கை வைத்தால், புதியவர் நுழையப் பெரிய தடை நீடிக்கிறது, அது தானாகச் சரியாகும் அறிகுறி இல்லை, பொதுவான போட்டிச் சட்டம் மட்டும் போதாது என்று மூன்றையும் காட்டியாக வேண்டும். மூன்றாவதைத்தான் அவசரமாக எழுதிக் கடந்துவிடுவார்கள் என்பது என் சந்தேகம், அங்கே பென்சிலை எடுங்கள்.

அப்புறம் வரைபடம், அதாவது நாட்டின் எந்தப் பகுதியில் போட்டி இருக்கிறது, எங்கே இல்லை என்பது. ஸ்பெயினில் 2016-ல் 66 நகராட்சிகளில் போட்டி போதுமான அளவு இருக்கிறது என்று ஃபைபர் மொத்த விற்பனைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கினார்கள், 2021-ல் போட்டியுள்ளவை என்று எண்ணியது 696. சந்தையில் 50 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவரை ஆதிக்கம் உள்ளவராக எடுத்துக்கொள்வது வழக்கம்தான், ஆனால் தேசியச் சராசரியை மட்டும் பார்த்தால் மாட்ரிட்டில் நாலு கம்பெனி அடித்துக்கொள்வதும் மலைக் கிராமத்தில் ஒரே ஒரு லைன் இருப்பதும் தெரியாமலே போகும்.

சரி, கட்டளைகளுக்கு வருவோம். ஃபைபர் போடுவதில் பெருஞ்செலவு தெருவைத் தோண்டுவதுதான், கம்பியில் இல்லை. அதனால்தான் ஸ்பெயினில் பழைய தொலைபேசி நிறுவனமான டெலிஃபோனிகாவின் நிலத்தடிக் குழாய்களில் போட்டியாளர்களும் கேபிள் இழுக்க வழி செய்தார்கள், அதற்கான அணுகல் திட்டத்துக்கு மார்கோ என்று பெயர். இப்படி ஒன்றைப் படிக்கும்போது 'அணுகல் உண்டு' என்ற வரியோடு நிற்காதீர்கள்: விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில், குழாய் அடைத்திருந்தால் யார் செலவில் சரிசெய்வது, தாமதத்துக்கு அபராதம் உண்டா என்று தேடுங்கள். ஒழுங்குமுறை செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

விலையை நீங்களே கூட்டிப் பாருங்கள். சும்மா ஒரு கணக்கு: பழைய நிறுவனம் போட்டியாளரிடம் வாங்கும் மொத்த விலை 20 யூரோ, அதே நிறுவனம் சில்லறையில் 25-க்கு விற்கிறது, போட்டியாளருக்கு மோடம், கால் சென்டர், பில் எல்லாம் சேர்த்து 8 ஆகிறது. 28 போட்டு 25 வாங்க வேண்டும். லைன் கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. ஜெர்மனியின் பழைய நிறுவனமான டாய்ச்ச டெலிகாம் இதையும் தாண்டியது, 1998 முதல் 2001 வரை அதன் மொத்த விலையே சில்லறை விலைக்கு மேலே இருந்தது. 2003-ல் ஐரோப்பிய ஆணையம் 12.6 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அந்த மொத்த விலையை ஜெர்மன் ஒழுங்குமுறை அமைப்புதானே அனுமதித்தது என்ற வாதம் 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றத்திலும் எடுபடவில்லை.

மொபைலுக்கு இந்த வழி அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே உரிமங்களையும் நிறுவனங்கள் ஒன்றாகச் சேரும் இணைப்புகளையும் பாருங்கள்: பிரான்சில் 2012 ஜனவரியில் நான்காவதாக வந்த ஃப்ரீ மொபைல் 19.99 யூரோ திட்டத்தோடு இறங்கி மற்ற மூவரையும் விலை குறைக்க வைத்தது. 2016-ல் பிரிட்டனில் ஓ2–த்ரீ இணைப்பை ஆணையம் தடுத்தது, அதே ஆண்டு இத்தாலியில் விண்ட்–த்ரீ இணைப்புக்கு, ஃப்ரீயின் தாய் நிறுவனமான இலியாட் நுழைய இடம்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தது.

நேரமே இல்லையென்றால் ஒரு குறுக்குவழி. ஒவ்வொரு நாடும் தன் வரைவை ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆணையத்துக்கு ஒரு மாதம், பலத்த சந்தேகம் இருந்தால் இன்னும் இரண்டு மாதம். சந்தை வரையறையையும் யார் ஆதிக்கம் உள்ளவர் என்ற முடிவையும் அது ரத்துசெய்யவே முடியும், கட்டளைகளில் அந்த அதிகாரம் குறைவு. அதன் பதில் கடிதம் அறிக்கையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, எந்த வாதம் பலவீனம் என்று மரியாதையான மொழியில் அதில் போட்டிருப்பார்கள், அதைத் தேடி எடுத்துக்கொண்டு அறிக்கைக்குத் திரும்புங்கள்.