இரண்டாவது கார்: பாலிசி யார் பெயரில்?

பிரிட்டனில் குடியேறி வேலை, பள்ளி என்று ஓட்டம் தொடங்கியதும் வீட்டில் இரண்டாவது கார் வேண்டியதாகிவிடுகிறது. முதல் காரில் ஐந்து ஆண்டுகள் காப்பீட்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவர், அதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி புதிய காருக்கும் வரும் என்று நம்பியிருப்பார். வராது. நோ கிளெய்ம் தள்ளுபடி பாலிசிதாரரின் சொத்துதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே காருக்குத்தான் செல்லும். இரண்டாவது கார் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சில நிறுவனங்கள் மட்டும் முதல் காரின் ஆண்டுகளை இரண்டாவதற்கும் அப்படியே தருகின்றன. இதை ‘மிரர்’ என்பார்கள். வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால் அந்த ஆண்டுகள் செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டாவது காரை அதிகம் ஓட்டப்போவது மனைவி என்றால் பாலிசியும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். கணவரின் பாலிசியில் கூடுதல் ஓட்டுநராகப் பத்து ஆண்டுகள் இருந்தாலும், பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கில் அவருக்கென்று ஓர் ஆண்டுகூடச் சேராது. தனிப் பாலிசி முதல் ஆண்டு கையைக் கடிக்கும். அனுபவமுள்ள கணவரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்துப் பாருங்கள், பிரீமியம் குறையக்கூடும்.

இந்தச் சலுகையைத் தலைகீழாக்கிவிடாதீர்கள். மகன் தினமும் ஓட்டும் காருக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநர் என்று எழுதுவது இங்கே மோசடி. ‘ஃபிரண்டிங்’ என்று அதற்குப் பெயரே உண்டு. விபத்து நடந்தால் நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம். ரத்தான விவரத்தை அடுத்த நிறுவனம் கேட்கும்போது மறைக்கவும் முடியாது. பாலிசி ரத்தான பிறகு காப்பீடின்றி ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 புள்ளிகள். இங்கே தேர்வில் தேறி இரண்டு ஆண்டுகள் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளிகளிலேயே லைசென்ஸ் பறிபோகும்.

இரண்டு கார்களையும் ஒரே பாலிசியில் போட்டால் விலை குறையலாம். தனித்தனியாகவும் விலை கேட்டு ஒப்பிடுங்கள், எப்போதும் சேர்த்துப் போடுவதே மலிவு என்பதில்லை. ஒரே பாலிசி என்றாலும் நோ கிளெய்ம் கணக்கு பொதுவாகக் காருக்குக் கார் தனி. கூடுதல் பணம் கட்டித் தள்ளுபடிக்குப் பாதுகாப்பு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கிளெய்முக்குப் பிறகும் தள்ளுபடி அப்படியே இருக்கும், ஆனால் பிரீமியம் ஏறக்கூடும்.

ஊரில் சேர்த்த நோ கிளெய்ம் ஆண்டுகளைச் சில நிறுவனங்கள் ஏற்கும், பல ஏற்காது. பழைய நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைப்பதில் நட்டமில்லை.

பின்னாளில் ஒரு காரை விற்றுவிட்டால், அதன் நோ கிளெய்ம் ஆண்டுகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள்வரைதான் செல்லும். விற்காமல் வாசலில் சும்மா நிறுத்தினாலும் காப்பீடு வேண்டும். வேண்டாமென்றால் சாலையை விட்டு எடுத்துச் சொந்த இடத்தில் நிறுத்தி, வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவிடம் ‘சோர்ன்’ அறிவிப்பு, அதாவது கார் சாலையில் இல்லை என்ற அறிவிப்பு, கொடுத்துவிடுங்கள்.