வேடியப்பன் கல்லைப் படிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு நாள் நடை

சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்தான் நடுகல். அதைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது கேட்கிற கேள்வியில். ஊருக்குள் போய் "நடுகல் எங்கே இருக்கிறது?" என்றால் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அது புத்தகச் சொல். இங்கே அது வேடியப்பன். "ஐயா, இந்தப் பக்கம் வேடியப்பன் கல்லு எங்கங்க இருக்குது?" என்று ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேளுங்கள். "ஏரிக்கரை மேலயே போங்க, புளியமரத்தடியில மூணு கல்லு நிக்கும்" என்று கையை நீட்டிக் காட்டுவார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் அதிகம். அங்கே "வீரகல்லு" என்றால் புரியும். பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னமான கல்திட்டையைத் தேடினால் "பாண்டவர் வீடு" என்று கேட்டுப் பாருங்கள்.

தை, மாசிதான் சரியான காலம். அறுப்பு முடிந்து நிலம் திறந்து கிடக்கும், புதர் காய்ந்து தணிந்திருக்கும், மலை ஏறினாலும் உடம்பு தாங்கும். சித்திரை, வைகாசியில் மாந்தோப்புகளில் காவல் இருக்கும். கேட்காமல் நுழைவது மரியாதையில்லை. எந்த மாதமானாலும் பட்டா நிலத்தில் நிற்கும் கல்லென்றால் நிலக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே உள்ளே போங்கள்.

ஒருவருக்கு 3 லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி, ஒரு கோல், 5 மீட்டர் அளவு நாடா, 15 சென்டிமீட்டர் அளவுகோல், நோட்டு, பென்சில், நல்ல டார்ச். இவற்றோடு ஒரு அடிச் சதுரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கென்று கீழே வருகிறது.

வெளிச்சம்

கல்லைப் படிப்பதில் முக்கால் பங்கு வேலை வெளிச்சத்துடையது. "விடியற்காலையில் போனால் நன்றாகத் தெரியும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். போனில் உள்ள திசைகாட்டியே போதும்.

கிழக்கு பார்த்த கல்லுக்குக் காலை 7 மணி வெயில் நேராக முகத்தில் அடிக்கும். எழுத்தின் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே வெளிச்சம் விழுவதால் கல் வெறும் பலகையாகத் தெரியும். அதே கல்லுக்கு முன்னால் 11.30 மணிக்கு உட்காருங்கள். மாசி மாதத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கிட்டத்தட்ட 12.30க்கு. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டே இறங்கும். அதுவரை இல்லாத ஒரு வில்லின் நாண் தெரியும், பிறகு அம்பு, பிறகு தலைக்கு மேலே வரிவரியாக எழுத்து. 12.15க்கு மேல் முகம் இருளத் தொடங்கிவிடும். மேற்கு பார்த்த கல்லுக்கு 12.45 முதல் 1.30 வரை. தெற்கு பார்த்ததற்குச் சூரியன் உதித்து ஒரு மணி நேரமும், சாயும் முன் ஒரு மணி நேரமும். வடக்கு பார்த்த கல்லில் தை, மாசியில் நேர் வெயிலே விழாது.

அதற்கும் மரநிழலில் இருப்பதற்கும்தான் கண்ணாடி. ஒருவர் 5 முதல் 10 மீட்டர் தள்ளி வெயிலில் நின்று, கல்லின் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பி முகத்தின் மேல் சாய்வாக ஓடவிட வேண்டும். நேருக்கு நேர் அடித்தால் பயனில்லை. கல்லின் தளத்திலிருந்து 10 முதல் 15 டிகிரி சாய்வே போதும். எதிரில் இருப்பவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டத் தொடங்கிவிட்டால் டார்ச் இதே வேலையைச் செய்யும்.

படம் எடுக்கும்போது போனை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, வெளிச்சத்தை மட்டும் இடம், வலம், மேல், மேல்-இடம் என்று மாற்றி நான்கு படம் எடுங்கள். கிடைக்கோடு இடப்பக்க வெளிச்சத்தில் மறைந்துவிடும், செங்குத்துக்கோடு மேல் வெளிச்சத்தில் மறைந்துவிடும்; ஒரே படத்தை வைத்துப் படித்தால் எழுத்து மாறிப்போவது இதனால்தான். போனின் பிளாஷ் வேண்டவே வேண்டாம். எழுத்துகளை நெருங்கி எடுக்கையில் ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வரட்டும். ஒரு படத்திலாவது அளவுகோல் இருக்க வேண்டும். கல்லின் பின்புறத்தையும் எடுத்துவிடுங்கள்.

சாக்பீஸ், மாவு, விபூதி எதையும் எழுத்தில் தடவாதீர்கள். தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும் என்பது ஒன்று. எழுத்து ஓடுவதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் கோடு போட்டுவிடுகிறீர்கள், அடுத்து வருகிறவர் கல்லைப் படிக்காமல் உங்கள் ஊகத்தைப் படிக்கிறார் என்பது அதைவிடப் பெரிய கேடு. எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்திருந்தால் தேய்த்துக் கழுவவும் கூடாது. அது இன்றும் பூசை நடக்கும் தெய்வம். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நட்ட கல்லில் மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார். இங்கே ஏறியிருக்கும் மஞ்சளும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரி இருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு கிட்டே போங்கள். கல்லின் மேல் காகிதம் ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி வேலையைப் பயிற்சி உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கல் சொல்வது

முதலில் உருவம். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள் இருக்கும். உடம்பில் தைத்த அம்புகள் இருந்தால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். காலருகே சிறிதாக மாடுகள் இருந்தால் அது தொறுப் பூசல். தொறு என்றால் மாட்டு மந்தை. எதிரே புலி பாய்ந்தால் புலிகுத்திப்பட்டான் கல்; பட்டான் என்றால் இறந்தான். பழைய கல்லில் பெரும்பாலும் ஒரே உருவம்தான் இருக்கும். ஓசூர்ப் பக்கம் காணும் பிற்காலக் கற்களில் அடுக்குகள் உண்டு: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனை மேலே கொண்டுபோவது, உச்சியில் சிவலிங்கத்தின் முன்னால் அவன். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் கையை மடக்கி உயர்த்தி, வளையல் தெரிய நின்றால் அது சதிக்கல், உடன்கட்டை ஏறியவளுக்கான கல்.

எழுத்து, தமிழை எழுதிய பழைய முறையான வட்டெழுத்தாக இருந்தால் மிரள வேண்டாம். வாசகத்துக்கு ஓர் அச்சு உண்டு. பல்லவர் காலக் கற்கள் பல "கோவிசைய" என்று தொடங்கும். அடுத்து அரசன் பெயர், "பருமற்கு" (வர்மனுக்கு), ஆட்சியாண்டு, ஊர்த்தலைவன், வீரன், கடைசியில் "பட்டான் கல்". முதலையும் முடிவையும் பிடித்துவிட்டால் நடுவில் இருப்பது பெயர்களும் ஊர்களும்தான். வட்டெழுத்தில் க, த, ப, ட, ன ஆகிய ஐந்தை எழுதிப் பழகிக்கொண்டு போனால் "பட்டான்" கண்ணில் தட்டுப்படும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனோடு, கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் அது சொல்கிறது.

புரியாத எழுத்தை நிரப்பாதீர்கள். நோட்டில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எழுத்தே இல்லாத கல்லுக்கு "இரண்டாயிரம் வருசம்" என்று வயது கட்டுவதும் வேண்டாம். கல்லின் உயரம், அகலம், தடிமன், நிற்கும் திசை, ஊர்க்காரர் சொன்ன பெயர் இவை போதும்.

மலையும் திட்டையும்

நண்பகல் கல்லுக்கு ஒதுக்கியாயிற்று. மலையைக் காலையில் முடித்துவிடலாம். ராயக்கோட்டைக் கோட்டையோ கிருஷ்ணகிரியின் சையது பாஷா மலையோ, 6.30க்கு ஏறத் தொடங்கி 10 மணிக்குள் இறங்கிவிடுங்கள். 1791இல் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை திப்பு சுல்தானிடமிருந்து ராயக்கோட்டையைப் பிடித்தது. அதே ஆண்டு கிருஷ்ணகிரியில் ஏற முயன்று தோற்றுத் திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகால் என்ற இந்தப் பகுதி கும்பெனியிடம் கைமாறியது. செங்குத்துப் பாறையைக் காலால் உணரும்போது அந்தத் தோல்வி புரியும். வழியில் பாறையில் வரிசையாகச் சிறு சதுரக் குழிகள் தெரிந்தால் அவை ஆப்புக் குழிகள்: கோட்டைச் சுவருக்கான கல்லை அங்கேயே பிளந்திருக்கிறார்கள். பனி ஈரத்தில் பாறை வழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் விழுவார்கள். சுனைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் இறங்கவும் செய்யாதீர்கள்.

மல்லச்சந்திரம் குன்றின் கல்திட்டைகளில் பலகைக் கல்லில் இட்ட வட்டத் துளையையும், சில திட்டைகளின் உட்சுவரில் உள்ள வெள்ளை ஓவியங்களையும் பார்க்கலாம். வெளியிலிருந்தே டார்ச் அடியுங்கள், ஓவியத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். உள்ளே கை விடும் முன் கோலால் தட்டுங்கள். பாம்பு குளிர்ச்சி தேடிப் படுத்திருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். பாறை முகட்டில் மலைத்தேனடை தெரிந்தால் புகை, சத்தம், வாசனைத் தைலம் மூன்றும் ஆகாது. தேனீக்கள் கிளம்பிவிட்டால், முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடுங்கள்.

தளி, அஞ்செட்டி, ஊரிகம் பக்கம் யானைக் காடு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. காட்டோர ஊர்களில்கூட ராகி விளையும் சமயத்தில் மாலை 4 மணிக்குமேல் நடக்காதீர்கள்.

பிற்பகலுக்கு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்குள்ள நடுகற்களைப் பார்த்தபின், அன்று எடுத்த படங்களைத் திருப்பிப் பார்த்தால் விட்டது பல தெரியும்.

பாதி புதைந்த கல்லைத் தோண்டாதீர்கள். மண்ணோடு கல் நிற்கும் ஆழமும் அடியில் கிடக்கும் பானை ஓடும் ஆய்வாளருக்குச் சான்று. கிளறிவிட்டால் திரும்பக் கிடைக்காது. மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. தனியாக நிற்கும் கல்லின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடவும் வேண்டாம். புதையல் இருக்கும் என்று இரவில் பெயர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒன்று தென்பட்டால் நான்கு படம், அளவுகள், போன் காட்டும் இடக்குறிப்பு, ஊர்ப்பெயர் ஆகியவற்றை மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ கொடுங்கள். அந்தக் கல்லுக்குப் பூ வைக்கும் வீட்டாரிடமும் அதன் படத்தில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.