வெளிச்சம் குறைந்த வீட்டு மீன் தொட்டிக்கு எந்தச் செடி? மலையகத்தாருக்கு ஒரு செய்முறை விளக்கம்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் புதிதாக மீன் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போவார்கள். யூடியூப்பில் பார்த்த செடியை வாங்கி நடுவார்கள். அது வாடியதும் லைட் போதவில்லை என்று இன்னொரு லைட் போடுவார்கள். அடுத்த மாதம் கண்ணாடி முழுக்கப் பாசி. இங்கே வெளிச்சத்தோடு குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் செடி மெதுவாகத்தான் வளரும். அதற்குத் தேவையில்லாமல் மிஞ்சுகிற வெளிச்சம் பாசிக்குத்தான் போகும். ஆகவே லைட்டைக் கூட்டாதீர்கள், செடியை மாற்றுங்கள். கரண்ட் பில்லும் ஏறாது.

ஒன்றரை அடி தொட்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். 18 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம் என்றால் விளிம்புவரை 42 லீட்டர் பிடிக்கும். கல், மணல் போக 35 லீட்டர் அளவு என்று வையுங்கள்.

1. முதலில் தண்ணீரின் சூட்டை அளவிடுங்கள்

தொட்டியில் ஒட்டும் சின்ன வெப்பமானி போதும். விடியற்காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை பாருங்கள். கண்டி, பதுளைக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்குக் குளிர்ப் பிரச்சினை இல்லை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். அங்கே ஹீட்டர் இல்லாத தொட்டியும் கிட்டத்தட்ட அந்தக் குளிரில்தான் நிற்கும்.

காலையிலும் 20 பாகைக்கு மேல் இருந்தால் கீழே சொல்லும் எல்லாச் செடிகளும் சரிவரும். 18க்குக் கீழே போகிறது என்றால் ஜாவா பாசியையும் (கண்ணாடியில் படியும் பாசி அல்ல, 'ஜாவா மாஸ்' என்ற செடி) ஜாவா ஃபேர்னையும் மட்டும் நம்புங்கள், அல்லது 50 வாட் ஹீட்டர் ஒன்று போடுங்கள். மீனையும் யோசிக்க வேண்டும்: ஸீப்ரா டேனியோவும் வைட் கிளவுட் மீனும் குளிர் தாங்கும், ஏஞ்சல் தாங்காது.

2. லைட்

மேசை விளக்கில் மாட்டும் சாதாரண எல்இடி பல்ப் போதும். 5 முதல் 7 வாட், பெட்டியில் 'டேலைட்' அல்லது 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். தினமும் 6 மணித்தியாலத்தில் தொடங்கி, பாசி வராவிட்டால் 8 வரை கூட்டலாம். எந்த நேரம் என்பது செடிக்கு முக்கியமில்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. பின்னேரம் 4 மணிக்குப் போட்டு இரவு 10 மணிக்கு அணைத்தால், வேலை முடிந்து வந்து நீங்களும் பார்க்கலாம்.

ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஒரு வாரம் பனிமூட்டம், அடுத்த வாரம் சுள்ளென்று வெயில் என்பது நம் ஊர் வழக்கம். அந்த ஏற்ற இறக்கத்தில் செடி முழிக்கும், பாசி கொழுக்கும்.

3. செடியைத் தேர்ந்தெடுத்தல்

*அனுபியாஸ்.* ஆப்பிரிக்கச் செடி. இலை தடிப்பு, கரும்பச்சை. சின்னத் தொட்டிக்கு 'நானா' என்ற குட்டை வகையைக் கேளுங்கள். ஒரு புது இலை வர ஒரு மாதம்கூட எடுக்கும், அவசரப்படுபவர்களுக்கு இது சரிவராது. வாங்கும்போது இலையைப் பார்ப்பதற்கு முன் கிழங்குபோல் கிடக்கும் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று அமுங்கினால், நாறினால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

*ஜாவா ஃபேர்ன்.* இலையின் அடியில் வரிசையாகக் கரும் புள்ளிகள் இருக்கும். நோய் என்று நினைத்து வெட்டி எறிபவர்கள் உண்டு. அவை வித்திகள் உண்டாகும் இடம், விட்டுவிடுங்கள். இலை நுனியில் தானாகக் குட்டிச் செடி முளைக்கும். அதற்கு வேர் வந்ததும் கிள்ளி வேறு கல்லில் கட்டலாம்.

*ஜாவா பாசி.* குளிரில் நன்றாகவே வரும், குஞ்சு மீன் ஒளிய நல்ல இடம். ஒரே குறை, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடைக்கிடை ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் அலசி எடுங்கள்.

*கிரிப்டோகோரைன்.* கடையில் 'கிரிப்ட்' என்றால் விளங்கும். எனக்குப் பிடித்தது இதுதான். உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளரும் வென்டி, பெக்கெட்டி, வோக்கரி, பார்வா ஆகிய இனங்கள் இலங்கைக்கே உரியவை, வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை. நிழல் விழும் ஓடைகளில் பிறந்ததால் குறைந்த வெளிச்சம் இதற்குப் பழக்கம். ஆரம்பத்துக்கு வென்டி வாங்குங்கள், பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. பார்வா அழகான குட்டிச் செடிதான், ஆனால் மற்றவற்றைவிட அதிக வெளிச்சம் கேட்கும், இப்போதைக்கு வேண்டாம். நம் நாட்டுச் செடிதானே என்று ஆற்றில் இறங்கிப் பிடுங்காதீர்கள். பண்ணையில் வளர்த்ததையே வாங்குங்கள்.

நட்ட சில நாளில் கிரிப்டின் இலை கண்ணாடிபோல் வெளிறி, கூழாகிக் கரையலாம். இடம் மாறிய அதிர்ச்சி அது. அதோடு பண்ணையில் பல சமயம் தண்ணீருக்கு மேலே வளர்ப்பார்கள், அந்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது. கரைந்ததைக் கத்தரித்துவிட்டு வேரை அசைக்காமல் விடுங்கள். சில வாரத்தில் நடுவிலிருந்து சுருண்ட புதுக் கொழுந்து வரும். பலர் அதற்கு முன்பே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

கடையில் இன்னொரு கவனம். லக்கி பாம்பூ போன்ற தரைச் செடிகளையும் சிலர் மீன் தொட்டிச் செடி என்று தண்ணீருக்குள் வைத்து விற்கிறார்கள். முழுதாக மூழ்கினால் அவை மெல்ல அழுகும். தண்ணீரிலிருந்து தூக்கும்போது விறைப்பாக நிமிர்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள் (அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன், தண்ணீருக்கு மேலே வளர்த்த கிரிப்ட் ஆகியவை விதிவிலக்கு).

காசே செலவில்லாமல் வேண்டுமா? இஸ்தோப்பில் போத்தலில் தொங்கும் மணி பிளாண்டில் ஒரு கொடியை வெட்டி, வேர் மட்டும் தொட்டிக்குள், இலை வெளியே இருக்கும்படி செருகுங்கள். மீன் கழிவால் சேரும் நைத்திரேற்றை நன்றாக உறிஞ்சும்.

4. கழுவுதல்

செடியோடு நத்தை முட்டையும் வரும். கொண்டிஸ், அதாவது பொட்டாசியம் பர்மாங்கனேட், தண்ணீரில் இளஞ்சிவப்பாகும் அளவு மட்டும் கரைத்து, அனுபியாஸையும் ஜாவா ஃபேர்னையும் 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஜாவா பாசிக்கு இது வேண்டாம், தாங்காமல் போகலாம். கையுறை போடாவிட்டால் விரல் பழுப்பாகும்.

5. நடுதல்

அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன் இரண்டின் கிழங்குத் தண்டையும் மணலில் புதைக்கவே கூடாது, புதைத்தால் அழுகும். கல்லில் அல்லது மரத்துண்டில் வைத்துக் கறுப்புத் தையல் நூலால் சுற்றிக் கட்டுங்கள். வேர் பிடித்ததும் நூலை வெட்டலாம். ஜாவா பாசியையும் மெல்லிய படையாகப் பரப்பி இப்படியே கட்டுங்கள். கிரிப்ட் மட்டும்தான் மணலுக்குள் போகும். அதன் வேரைப் பாதியாக நறுக்கி, இலை தொடங்கும் இடம் வெளியே தெரியும்படி நடுங்கள். அதற்கு உணவு வேர் வழியாகத்தான் அதிகம், ஆகவே பக்கத்தில் ஓர் உரக் குளிசையைப் புதைத்துவிடுங்கள்.

வெளியே பொறுக்கிய கல்லில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கும்.

6. தண்ணீர்

குழாயில் குளோரின் கலந்து வந்தால் வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரின் நீக்கும் மருந்து இருந்தால் இன்னும் நல்லது. பீலித் தண்ணீரில் குளோரின் இருக்காது, மலை ஊற்றானால் பெரும்பாலும் மென்மையாகவும் இருக்கும், இந்தச் செடிகளுக்குப் பிடித்தமானது. ஆனால் தேயிலை மலைக்குக் கீழே இருக்கும் பீலி என்றால், மேலே மருந்து அடித்த, உரம் போட்ட நாட்களிலும் அடுத்து வரும் மழையிலும் பிடிக்காதீர்கள்.

வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குளிர்காலக் காலையில் வாளித் தண்ணீரைச் சில்லென்று அப்படியே ஊற்றாமல், கொஞ்சம் வெந்நீர் கலந்து தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

7. பாசி வந்தால், செடி கூடினால்

அனுபியாஸ் இலையில் பச்சைப் புள்ளி படிந்தால் லைட் நேரத்தில் ஒரு மணித்தியாலம் குறையுங்கள், மீன் சாப்பாட்டையும் குறையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன் அடர்ந்தால் கிழங்குத் தண்டைக் கூரான பிளேட்டால் வெட்டிப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலையாவது இருக்கட்டும்.

மிஞ்சியதை ஓடையிலோ, காசல்ரி, மவுஸ்ஸாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களிலோ போடாதீர்கள். நம் பெக்கெட்டி கிரிப்ட் அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆற்றுக்குள் போய்ப் பரவி, அங்குள்ளவர்கள் பிடுங்கிக் களைய வேண்டி வந்தது. இங்கே ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். யாருக்கும் வேண்டாமென்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்து மரக்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போடுங்கள்.