வெளிநாட்டில் இருந்தபடி சாமியை விடாமல் இருக்க: விளக்கு, விரதம், நேர்த்தி

விசுவமடுவிலிருந்து கட்டாருக்குப் போகிறவரும் மல்லாவியிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகிறவரும் பயணப்பையில் ஒரு திருநீற்றுப் பொட்டலமோ மடுமாதா படமோ வைத்துக்கொண்டுதான் வெளிக்கிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அது பைக்குள்ளேயே மறந்துபோகும். பிறகு விசா மறுக்கப்பட்ட அன்றோ, சம்பளம் மூன்று மாதம் இழுபட்ட அன்றோ பதறி எழும்பி, தாங்கமுடியாத நேர்த்தி ஒன்றை வைத்துவிடுவார்கள். அது பலிக்காவிட்டால் சாமியில் கோபம், பலித்தால் கட்ட வழியில்லாத கடன். நாளுக்குப் பதினைந்து நிமிடம் பழகியவருக்கு இந்தப் பதற்றம் குறைவு.

கடல் கடந்து கும்பிட்டால் பலன் குறையுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மன்னாரில் இருக்கும் திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் இராமேசுவரத்தில் நின்று இந்தக் கரையை நோக்கித்தான் பாடினார்கள் என்பது மரபு. அக்கரைக் கும்பிடு எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை.

போக முன்

படம் ஒன்று போதும். அஞ்சலட்டை அளவில், லமினேற் செய்தது. வளைகுடா நாடுகளுக்குப் பெரிய சிலை கொண்டுபோக வேண்டாம். சவூதியில் பிற சமயத்தவர் பொதுவில் வழிபட முடியாது. அறைக்குள் தனியாகக் கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருநீறு 50 கிராம் ஒரு வருடத்துக்குக் காணும். அதை வாய் ஒட்டிய பையில் போட்டு, கையில் கொண்டுபோகாமல் பெரிய பெட்டியில் வையுங்கள். பெயரில்லாத வெள்ளைத் தூளைக் கண்டால் எந்த விமான நிலையத்திலும் கேள்வி வரும். சந்தனம் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், காயவைத்துக் கட்டுங்கள். பிரசாதப் பலகாரத்தில் கசகசா இருக்கக்கூடாது. வளைகுடாவில் அது தடைசெய்யப்பட்ட பொருள், சிறைவரை கொண்டுபோகும். “கோயில் பிரசாதம்தான் தம்பி, அங்க அண்ணனிட்டக் குடுத்துவிடு” என்று யாராவது ஒட்டிய பொதி தந்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பெயர், நட்சத்திரம், இராசி மூன்றையும் எழுதி வீட்டில் சாமியறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். அர்ச்சனைக்கு ஐயர் கேட்பது அதைத்தான். 2009 இல் சாதகக் குறிப்புத் தொலைந்த வீடுகள் வன்னியில் நிறைய. நட்சத்திரம் தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்ல வேண்டாம். சுவாமி பேரில் அர்ச்சனை செய்யச் சொல்லலாம்.

நாளாந்தம்

தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். கனடா, சுவிஸ் குளிரில் விளக்கு அடிக்கடி அணைகிறதென்றால் அது அபசகுனமில்லை, எண்ணெய் இறுகித் திரியில் ஏறவில்லை. நல்லெண்ணெய்க்கு மாறுங்கள். தண்ணீர் ஊற்றிய பித்தளைத் தட்டின் நடுவில் சிறிய அகல், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒற்றைத் திரி. திரைச்சீலைக்கு எட்டத்தில் வையுங்கள், எரியும்போது அறையை விட்டுப் போக வேண்டாம். முடிந்ததும் வாயால் ஊதாமல் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்துங்கள். கற்பூரமும் சாம்பிராணியும் புகை அலாரத்தை அலறவைக்கும், அடுக்குமாடியில் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். அவற்றைக் கோயிலுக்கு விட்டுவிடுங்கள். எட்டுப் பேர் படுக்கும் தொழிலாளர் அறையில் நெருப்பே கூடாது. அங்கே பற்றரி விளக்கு, அதுவும் முடியாவிட்டால் நெற்றியில் திருநீறு, கண்மூடி ஐந்தெழுத்து 108 தரம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

கத்தோலிக்கருக்கு இதில் வில்லங்கம் குறைவு. செபமாலை சட்டைப்பைக்குள் அடங்கும். ஐந்து காரணிக்கமும் (ஒரு காரணிக்கம் பத்து மணி) சொல்ல இருபது நிமிடம். நேரமில்லாத நாளில் பஸ்ஸில் ஒரு காரணிக்கம். துபாயிலும் தோகாவிலும் தேவாலயங்கள் உண்டு. வேலைமுறையைப் பார்த்து எந்த நாள் பூசைக்குப் போவதென்று முதல் மாதமே தீர்மானியுங்கள். மடுவில் ஓகஸ்ட் 15 திருவிழா நடக்கும் காலத்தில் ஜேர்மனியில் இருப்பவர்கள் கேவலார் மாதா திருத்தலத்துக்கும், சுவிஸில் இருப்பவர்கள் மரியஸ்ரைன் மாதா திருத்தலத்துக்கும் போகிறார்கள். ஊர்ச்சனம் ஒன்றாகச் சேரும் இடங்கள் அவை. போகாமல் அறைக்குள் கிடப்பவரைத்தான் தனிமை தின்னும்.

சைவர்களுக்கும் அப்படியே. ஜேர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள், இலண்டன் ஹைகேற் முருகன், பாரிஸ் மாணிக்க விநாயகர் என்று கோயில்கள் இருக்கின்றன. மாதம் ஒரு தரம் போய், கும்பிட்டவுடன் ஓடிவராமல், அன்னதானத்தில் பரிமாற நில்லுங்கள். வேலை, வீடு, வழக்கறிஞர் பற்றிய பாதிச் செய்தி அந்தப் பந்தியில்தான் கிடைக்கும்.

நேரமும் நாளும்

ஊர்க் கோயிலில் மாலைப் பூசை 6 மணிக்கு என்றால் கட்டாரில் 3.30, துபாயில் 4.30. இலண்டனில் கோடையில் 1.30, குளிர்காலத்தில் 12.30. ரொறன்ரோவில் கோடையில் காலை 8.30, குளிர்காலத்தில் 7.30. இதை எழுதிவைத்தால் அம்மா விளக்கு வைக்கும் நேரத்தில் நீங்களும் ஒரு நிமிடம் நிற்கலாம்.

திதிக் கணக்கில்தான் சண்டை வரும். ஊரிலேயே வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வருடங்களில் ஒருநாள் விலகும். அதற்கு மேல், இங்கே காலையில் பிறக்கும் அமாவாசை கனடாவில் முதல்நாள் இரவாக இருக்கும். நீங்கள் பிடிக்கும் விரதத்துக்கு நீங்கள் இருக்கும் நாட்டுக் கோயிலின் நாட்காட்டி. ஊரில் கொடுக்கும் திதிக்கு ஊர்ப் பஞ்சாங்கம். இரண்டையும் கலந்தால் கேதாரகௌரியின் 21 நாளும் எண்ணிக்கை பிசகும்.

ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரைப் பௌர்ணமி தாய்க்கு. மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் அவன் பேரில் திதி கொடுக்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து வற்புறுத்தாதீர்கள். அந்தத் தாய் வாசலில் ஒரு விளக்கு வைத்துக்கொண்டு இருக்கட்டும்.

நேர்த்தி வைப்பது

அதிகம் பிழைக்கிற இடம் இதுதான். ஒரு மாதச் சம்பளத்தில் முடிகிறதை மட்டும் நேருங்கள். நகை அடகு வைத்து நேர்த்தி கட்டுவது வீட்டுக்கும் கூடாது, கோயிலுக்கும் பெருமையில்லை. இன்னொருவர் உடம்பை நேராதீர்கள்: “அவன் வந்து தூக்குக்காவடி எடுப்பான்” என்று தாய் நேர்ந்துவிட, அவனுக்கு ஏழு வருடம் பயண அனுமதியே இல்லாமல் போகும். அவள் நித்திரை இல்லாமல் கிடப்பாள். பாற்செம்பு, பொங்கல், அன்னதானம் போன்றவற்றை ஊரில் இருப்பவரே செய்து முடிக்கலாம்.

நேரும்போது ஒரு நாணயத்தை மஞ்சள் தோய்த்த துணியில் முடிந்து சாமிப்படத்தடியில் வையுங்கள். கூடவே ஒரு கொப்பியில் எந்தக் கோயில், என்ன நேர்த்தி, யாருக்காக, யார் செய்வது, எந்த வருடத்துக்குள் என்று எழுதுங்கள். எழுதாத நேர்த்தியை அம்மா ஒரு மாதிரியும் அக்கா இன்னொரு மாதிரியும் நினைவு வைத்திருப்பார்கள்.

வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்கு என்றால் நாள் வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிப்பது அதற்கு முந்திய கிழமை. விடுமுறையில் வருவதாக இருந்தால் பஞ்சாங்கம் வந்தவுடனேயே நாளைப் பார்த்து லீவு கேளுங்கள். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனி உத்தரம்.

வீட்டார் உங்களுக்காகப் பொங்குவதற்கு: பச்சையரிசி 1 கிலோ, வறுத்துக் கோதுடைத்த பயறு 250 கிராம், தேங்காய் 3, சர்க்கரை 1 கிலோ, கஜுவும் முந்திரிகை வற்றலும் 100 கிராம் வீதம், ஏலக்காய் பத்து. பானை ஏழு லீற்றராவது கொள்ள வேண்டும். புதுப்பானையை முதல்நாள் பின்னேரம் தண்ணீர் நிரப்பி விடிய வரை விடுங்கள். ஒழுக்கு இருந்தால் அப்போதே தெரியும், அடுப்பில் வெடிக்கவும் மாட்டாது. அரிசி ஒரு பங்குக்குப் பாலும் தண்ணீரும் சேர்த்து நாலு பங்கு. அது பானையின் கழுத்துவரை நிற்காவிட்டால் பொங்கி வழியாது, வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பவர் மனம் சோரும். அரிசி நசியுமுன் சர்க்கரை போட்டால் பிறகு எவ்வளவு எரித்தாலும் அவியாது. பொங்கல் நாளில் சனம் கூடுவதால் சிக்னல் விழும். நேரலையை நம்பாமல் படம் எடுத்து இரவு அனுப்பச் சொல்லுங்கள்.

நேர்த்திக் காசை வீட்டுச் செலவுக் காசோடு சேர்க்காமல் தனியாக அனுப்புங்கள். அப்படியிருந்தும் அது பிள்ளையின் ரியூசனுக்குப் போய்விட்டால் கோபிக்க வேண்டாம். கொப்பியில் அடுத்த வருடத்துக்கு மாற்றி எழுதுங்கள், அம்மனுக்கு அவசரமில்லை.

விழும்போது

வேலை போன அன்று, விண்ணப்பம் மறுக்கப்பட்ட அன்று, முதல் 24 மணித்தியாலம் புது நேர்த்தி வேண்டாம், சாத்திரமும் பார்க்க வேண்டாம். குளியுங்கள், விளக்கு வையுங்கள், சாப்பிடுங்கள், வீட்டுக்குக் கோல் எடுத்து உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த நாள் கடிதத்தை எடுத்து மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று பாருங்கள். பாஸ்போட்டை முதலாளி பறித்து வைத்திருந்தாலோ சம்பளம் தராவிட்டாலோ, ஊரில் இருப்பவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். சாமி கும்பிடுவதும் முறைப்பாடு எழுதுவதும் ஒரே நாளில் செய்யக்கூடிய வேலைகள்.

வட்ஸ்அப்பில் “உங்களுக்குச் செய்வினை இருக்கு, கழிக்கக் காசு போடுங்கோ” என்று வருபவர் உங்கள் பெயரை முகநூலிலிருந்து எடுத்திருப்பார். கோயிலென்றால் சிட்டை தரும். தராதவருக்குக் காசு இல்லை.

ஊரில் சாவு வந்து, போக வழியில்லாவிட்டால் கிரியை நேரத்தைக் கேட்டு அதே நேரம் அங்கே இருந்து தேவாரம் சொல்லுங்கள். துடக்கு 31 நாள் கோயிலுக்குப் போகாமல் இருந்தாலும் மனதுக்குள் ஐந்தெழுத்துச் சொல்லத் தடையில்லை. எட்டுச்செலவுக்கும் அந்தியேட்டிக்கும் உங்கள் பங்கை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஏறும்போது

நிரந்தர வதிவிடம் கிடைத்த மாதம் விளக்கு அணைகிற மாதமாகவும் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த மாதச் சம்பளத்திலேயே கொப்பியைத் திறந்து நிலுவையைக் கட்டுங்கள். மஞ்சள் துணி முடிச்சை மட்டும் தபாலில் அனுப்ப வேண்டாம். முதல் விடுமுறையில் வரும்போது கையோடு கொண்டுவந்து, கோயில் வாசலில் அவிழ்த்து, நீங்களே உண்டியலில் போடுங்கள்.